ஈரைஞ்ஞூற்றுவர்

அன்று நான் சொன்ன பதில் பிழையென்று ஒத்துக்கொள்ள மனம் வருகிறது; முழுதாக ஒத்துக்கொள்ளத்தான் முடியவில்லை. உயர்தர வகுப்பில் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை முடித்து, ‘யானே கள்வன்’ என்று பாண்டியன் அரசுகட்டிலில் வீழ்ந்த இடத்தில் வழக்கம்போல் குரலை உயர்த்தி நிறுத்தியிருந்தேன். நகைத் தொழிலாளி ஒருவரின் மகள் எழுந்து, “சேர், அந்த ஆயிரம் பேரும் சிலம்பைக் கண்டவங்களா?” என்று கேட்டாள்.

“அது நமக்குரிய பகுதி இல்லை, மகள்” என்றேன். இருந்துவிட்டாள்.

பிள்ளை வஞ்சிக் காண்டம் வரை வாசித்திருக்கிறாள். பொய் சொன்ன பொற்கொல்லன் ஒருவன். மதுரையை எரித்த கண்ணகிகூட முதியோரையும் குழந்தைகளையும் விலக்கித் தீயோர் பக்கமே சேருமாறு நெருப்புக்குக் கட்டளையிட்டாள். ஆனால், கொற்கையிலிருந்த பாண்டிய மரபினன் வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஈரைஞ்ஞூற்றுவரை, அந்த ஆயிரம் பேரையும், அவளுக்கே உயிர்ப்பலியிட்டதாக நீர்ப்படைக் காதை சொல்கிறது. அதைச் சொல்பவன் காப்பியப் பாத்திரமான மாடலன், நூலாசிரியர் இளங்கோ அல்லர் என்று மாணவிக்கு விளக்கியிருக்கலாம். பலிக்குப் பின் மழை பெய்து நோய் நீங்கியது என்னும், நூலின் தொடக்கத்திலுள்ள உரைபெறு கட்டுரை பிற்சேர்க்கை என்பாரும் உளர் என்று தப்பியிருக்கலாம். நடந்ததை மறைக்காமல் எழுதி வைப்பதுதான் காப்பியத்தின் அறம் என்று வாதாடவும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த மழையை என்ன செய்வது? கொலையைச் சொல்வது வேறு. அதற்குப் பரிசாக மழையைப் பெய்விப்பது வேறு அல்லவா?

1990இல் ஒரு சுற்றிவளைப்பின்போது தலையசைத்து ஆள்காட்டும் தலையாட்டியின் முன்னால் வெயிலில் வரிசையாக இருத்தப்பட்டவன் நான். எவனோ செய்ததற்கு ஊரே பொறுப்பு என்ற கணக்கை எனக்குப் புத்தகம் படிப்பிக்கவில்லை. அப்படிப்பட்டவன் அந்தக் கேள்வியை ஏன் அமர்த்தினேன்? பாடத்திட்டம் முடிய வேண்டும் என்பது உண்மை. வைகாசியில் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் செட்டிபாளையத்திலும் உள்ள கண்ணகி கோயில்களில் வழக்குரைப் பாடல் கேட்டுத் திருக்குளிர்த்திச் சடங்கில் கைகூப்பி நிற்பவனுக்கு, அம்மாளின் பெயரால் நடந்த கொலையைப் பேச நா எழவில்லை என்பதும் உண்மை. இதில் எது முந்தியது என்று இன்னும் தெரியவில்லை.

பிறகு கொப்பிகளைத் திருத்தினேன். அவளுடைய கொப்பியின் ஓரத்தில் 2 × 500 = 1000 என்று பென்சிலால் எழுதியிருந்தது. யோசிக்காமல் அதற்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் சரி போட்டிருக்கிறேன்.