மரப்பாலத்தை ஒட்டி ஓர் இழைப்புளி

மகளுக்கு அகமதாபாத்தில் வேலை கிடைத்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த ஜனவரியில்தான் போய்ப் பத்து நாள் தங்க முடிந்தது. சபர்மதி ஆசிரமம், அடலஜ் படிக்கிணறு எல்லாம் பார்த்தேன். ஆனால் மனசு நிறைந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை.

செங்கோட்டையில் அப்பா மரப்பட்டறை வைத்திருந்தார். எந்த ஊருக்குப் போனாலும், "இங்க பழைய சாமான் எங்க விக்கிறாங்க?" என்று முதலில் விசாரிப்பார். எனக்கும் அதே பழக்கம்தான். அகமதாபாத்தில் அந்த இடத்துக்குப் பெயர் குஜரி பஜார். ஞாயிறு மட்டும் கூடுவதால் ரவிவாரி என்றும் சொல்கிறார்கள்.

போகிற வழியில் காலைச் சாப்பாடு. ஞாயிறு காலையில் அந்த ஊரே ஃபாஃப்டா, ஜலேபிக் கடைகளில்தான் நிற்கிறது. கடலை மாவில் ஓமம் போட்டுப் பிசைந்த உருண்டையை மரப்பலகையில் வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஒரே இழுப்பு. மெல்லிய பட்டையாக நீள்கிறது. கத்தியைக் கொடுத்து அதைப் பலகையிலிருந்து வழித்து எண்ணெயில் போடுகிறார்கள். அப்பா இழைக்கும்போது தேக்கிலிருந்து சுருண்டு வரும் சீவலேதான்! எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே நின்றேனோ, மகள் தோளைத் தட்டினாள். பப்பாளிக்காயைத் துருவித் தாளித்த சம்பாரோ, பொரித்த பச்சை மிளகாய், சூடான ஜலேபி எல்லாம் கூட வரும். ஜலேபியை ஒரு கடி கடித்த வாயோடு ஃபாஃப்டாவைச் சாப்பிட வேண்டும். தனியாகச் சாப்பிட்டால் பாதி ருசிதான்.

சந்தை கூடுவது சபர்மதியின் கிழக்குக் கரையில், எல்லிஸ் பாலத்தை ஒட்டி. 1892-ல் கட்டிய இரும்புப் பாலம் அது. ஆனால் ஊர்க்காரர்கள் அதை 'லக்கடியோ புல்', அதாவது மரப்பாலம் என்றே சொல்வார்களாம். அதற்கு முன் அங்கே இருந்த மரப்பாலம் 1875 வெள்ளத்தில் போய்விட்டது. மரம் போயும் பெயர் நிற்கிறது என்று மகள் சொன்னபோது எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது.

சந்தை, ஊரை உண்டாக்கிய அகமது ஷா காலத்திலிருந்தே நடக்கிறது என்கிறார்கள். ஆற்றங்கரையைச் சீரமைத்தபோது இடம் பறிபோகும் நிலை வந்து, வியாபாரிகள் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். இப்போது மேடை கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கயிற்றுக் கட்டில், தையல் மெஷின், ஆடு, கோழி, பாடப் புத்தகம், ஒற்றைச் சக்கரம்... ஒரு வீட்டில் இருக்கக்கூடிய அத்தனையும் தரையில் கிடக்கிறது. போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். சில்லறையும் துணிப்பையும் அவசியம்.

இரும்புச் சாமான் வரிசையில், ஒரு பெரியவரின் சாக்குத் துணிமேல் அது கிடந்தது. மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் இழைப்புளி, கட்டை மரத்தில் செய்தது. குஜராத்தியில் ரந்தோ. அலகில் துரு இருந்தாலும் விளிம்பு நேராக இருந்தது. ஆப்பு இறுக்கமாக நின்றது. கட்டைவிரல் பதிகிற இடம் மட்டும் பள்ளமாகத் தேய்ந்து மினுமினுத்தது. என் விரலை வைத்தேன், சரியாக உட்கார்ந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது.

"அப்பா, புதுசே ஆன்லைன்ல வருமே" என்றாள் மகள்.

"இந்தப் பள்ளம் வராதும்மா."

பெரியவர் 600 ரூபாய் என்றார். "காகா, கொஞ்சம் குறைங்க" என்று மகள் குஜராத்தியில் கேட்க, அவர் என் கையை வாங்கிக் காய்ப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். அப்புறம் 450-க்குக் கொடுத்தார்.

ராத்திரி மானெக் சௌக். பகலில் நகைக்கடைத் தெரு. ஷட்டர்கள் இறங்கியதும் அதே இடத்தில் மேசை போட்டு, கல்லை ஏற்றி, நள்ளிரவு தாண்டியும் சாப்பாடு. கோட்டாலா தோசை என்று ஒன்று. தோசை கல்லில் கிடக்கும்போதே வெண்ணெய், வெங்காயம், தக்காளி, பனீர், சீஸ் எல்லாம் அதன்மேல் போட்டு மசிக்கிறார்கள். நம் ஊர்த் தோசையை மனதில் வைத்துக்கொண்டு சாப்பிடக் கூடாது. அதை அந்த ஊர்ப் பலகாரமாக எடுத்துக்கொண்டால் நன்றாகவே இருக்கிறது. அப்புறம் ஒரு குல்ஃபி.

மேசை வெளிச்சத்தில் இழைப்புளியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் உளியால் செதுக்கிய குஜராத்தி எழுத்து இரண்டு இருந்தது. மகள் தூசியைத் துடைத்துவிட்டு வாசித்தாள்: "ம, சு." யாரோ ஒரு ஆசாரி. செங்கோட்டைக்கு வந்ததும் எண்ணெய் போட்டு, அலகைத் தீட்டி, அப்பாவுடைய உளிகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அந்த எழுத்தின்மேல் உப்புத்தாள் படாமல்தான் துரு எடுத்தேன்.