இருபது பேருக்கு ஒரு சாலட்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் அக்கா போன் செய்தாள். அத்தான் இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். 22-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வீட்டில் எல்லோரும் கூடுகிறோம், இருபது பேர். ஆளுக்கு ஒன்று கொண்டுவர வேண்டும். "நீ அந்த இத்தாலியன் சாலட் பண்ணிக்கிட்டு வந்துடு" என்றாள். ஒரு நொடி விட்டு, "போன தடவை மாதிரி வேண்டாம்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

போன தடவை நான் கொண்டுபோனது சாலட் இல்லை, சூப். காலை பத்து மணிக்கே எல்லாவற்றையும் கலந்து, டிரெஸ்ஸிங் ஊற்றி, மூடி எடுத்துப் போனேன். ஒன்றரை மணிக்குத் திறந்தபோது அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். இலைகள் துவண்டு கிடந்தன. நடுவில் பாஸ்தா ஊறி உப்பியிருந்தது. எல்லோரும் மரியாதைக்கு ஒரு கரண்டி எடுத்துக்கொண்டார்கள்.

இந்தத் தடவை இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அத்தானுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவரைப் போல இன்னும் ஐந்தாறு பேர் வருகிறார்கள். ஆனால் "இது டயட்காரங்களுக்கு" என்று ஒரு கிண்ணத்தைத் தனியாக ஒதுக்கி வைப்பது எனக்குப் பிடிக்காது. ஒரே சாலட், எல்லோரும் சாப்பிட வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

ஆன்டிபாஸ்டோ சாலட் என்று முடிவு செய்துவிட்டேன். பெயரைக் கேட்டதும் என் கணவர், "பாஸ்தாவுக்கு எதிர்ப்பா? பொருத்தமான பேர்தான்" என்றார். அப்படி இல்லை. இத்தாலிய மொழியில் பாஸ்டோ என்றால் சாப்பாடு. ஆன்டிபாஸ்டோ என்றால் சாப்பாட்டுக்கு முன்னால் வருவது. இத்தாலியில் அது ஒரு தட்டு நிறைய சலாமி என்னும் பதப்படுத்திய இறைச்சித் துண்டுகள், சீஸ், ஆலிவ், எண்ணெயில் போட்ட காய்கள். அதையெல்லாம் லெட்டூஸ் மேல் கொட்டிச் சாலட் ஆக்கியது அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர்களின் வழி. எனக்கு அதில் ஆட்சேபம் ஒன்றும் இல்லை.

இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வேகவைத்த பாஸ்தா 100 கிராமில் கார்ப், அதாவது மாவுச்சத்து, சுமார் 30 கிராம். வேகவைத்த கொண்டைக்கடலையில் 27. இரண்டும் போகட்டும். ரோமெயின் லெட்டூஸில் 3 கிராம்தான், தக்காளியில் 4, வெள்ளரியிலும் கிட்டத்தட்ட அவ்வளவே, சிவப்புக் குடைமிளகாயில் 6. வெங்காயத்தில் 9 இருந்தாலும் இருபது பேருக்கு ஒரே ஒரு வெங்காயம் என்னும்போது அது கணக்கிலேயே வராது. உலர்ந்த தக்காளியை ஆசையோடு எழுதி, பிறகு அடித்துவிட்டேன். தண்ணீர் போய்ச் சர்க்கரை சுண்டிய பழம் அது.

பாஸ்தாவை எடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம்தான் அலமாரியில் இருந்த டிரெஸ்ஸிங் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். பொருட்களின் வரிசையில் முதலில் தண்ணீர், அடுத்தது சர்க்கரை, அதற்கும் பிறகுதான் எண்ணெய். எடை அதிகமானதை முதலில் போடுவதுதான் அந்த வரிசை. இதைத்தான் இத்தனை நாளாக ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

டிரெஸ்ஸிங் நாள்.

பால்சாமிக் வினிகரா, சிவப்பு ஒயின் வினிகரா என்று ஒரு போராட்டம். பால்சாமிக் மேல் எனக்கு மோகம் உண்டு. ஆனால் மொடேனா ஊர்ப் பால்சாமிக் என்பது திராட்சைச் சாற்றைக் காய்ச்சிச் செய்வது; இனிப்பு அதன் பிறவிக் குணம். 100 மில்லியில் 17 கிராம் கார்ப் வரும். ஒரு மேசைக்கரண்டிக்கு அது பெரிய குற்றமில்லை. கெட்டியாகச் சுண்டவைத்து 'கிளேஸ்' என்று விற்கிறார்களே, அதுதான் சர்க்கரைப் பாகுக்குப் பக்கத்து வீடு. சிவப்பு ஒயின் வினிகரில் கார்ப் ஏறக்குறைய இல்லை. சலாமியின் கொழுப்புக்கும் அந்தப் புளிப்புதான் சரியாக வரும்.

மூன்று பங்கு ஆலிவ் எண்ணெய், ஒரு பங்கு வினிகர். ஒரு கப் எண்ணெய்க்கு ஒரு தேக்கரண்டி கடுகு விழுது, உலர்ந்த ஓரிகானோ இரண்டு தேக்கரண்டி, நசுக்கிய பூண்டு இரண்டு பல், மிளகு. கடுகு விழுது சுவைக்காக மட்டும் இல்லை. எண்ணெயும் வினிகரும் கொஞ்ச நேரம் பிரியாமல் சேர்ந்திருக்க அதுதான் தரகு வேலை பார்க்கிறது.

முதல் முறை எல்லாவற்றையும் எண்ணெயில் போட்டுக் கலக்கினேன். உப்பு அடியில் மணல் மாதிரி அப்படியே கிடந்தது. எண்ணெயில் உப்பு கரையாது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், கையால் செய்யும்போது மறந்துவிட்டது. இரண்டாம் முறை முதலில் வினிகரில் உப்பைக் கரைத்து, பூண்டைப் பத்து நிமிடம் ஊறவிட்டு, கடைசியில் எண்ணெய் விட்டேன். வினிகரில் ஊறினால் பூண்டின் காரமும் அடங்குகிறது.

சாலட் கலக்க நான்கு பேர் வேண்டும் என்று இத்தாலியர்கள் சொல்வார்கள்: எண்ணெய் ஊற்ற ஊதாரி, வினிகர் விடக் கஞ்சன், உப்புப் போட அறிவாளி, கலக்கப் பைத்தியம். எங்கள் வீட்டில் நால்வரும் நான்தான்.

மார்ச் 9, திங்கள்

நேற்றைய டிரெஸ்ஸிங் ஃபிரிட்ஜில் கட்டிதட்டி வெண்மையாக நின்றது. கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். ஆலிவ் எண்ணெய் குளிரில் உறையும், அவ்வளவுதான். அரை மணி நேரம் வெளியே வைத்துக் குலுக்கினதும் பழையபடி ஆனது.

வெளியிலேயே வைத்துவிடலாம் என்றால் பச்சைப் பூண்டு இருக்கிறதே. எண்ணெய்க்குள் மூழ்கிய பூண்டு, காற்றுப் படாத இடம். போட்டுலிசம் என்னும் நச்சுநோயை உண்டாக்கும் கிருமி வளர வசதியான வீடு. ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும், அதுவும் நான்கு நாளுக்கு மேல் வேண்டாம். விழாவுக்கு முந்தின நாள் புதிதாகச் செய்துகொள்கிறேன்.

மார்ச் 12, வியாழன்

இன்று ஒரு பைத்தியக்காரச் சோதனை. மூன்று லெட்டூஸ் இலைகள், மூன்று தட்டுகள். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் வினிகர், ஒன்றில் எண்ணெய் தடவி, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். இலையைச் சாகடிப்பது வினிகர்தான் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். வினிகர் பட்ட இலை ஓரளவு நிமிர்ந்தே இருந்தது. எண்ணெய் பட்டதுதான் கருத்துத் துவண்டு போயிருந்தது. இலையின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு இருக்கிறது. தண்ணீர் கலந்தது எதுவும் அதைத் தாண்டி எளிதில் போகாது. எண்ணெய் ஊடுருவிவிடும்.

ஆக, போன தடவை என் சாலட்டை இரண்டு பேர் சேர்ந்து கொன்றிருக்கிறார்கள். எண்ணெய் இலையைத் துவளவைத்தது. உப்பு தக்காளியிலும் வெள்ளரியிலும் இருந்த நீரை வெளியே இழுத்தது. நான் சந்தேகப்பட்ட பாஸ்தா பாவம், அது நீரைக் குடித்து நிலைமையைக் கொஞ்சம் காப்பாற்றித்தான் இருக்கிறது. அது இல்லாத சாலட்டில் தண்ணீர் இன்னும் அதிகமாக நிற்கும். மாவுச்சத்தைக் குறைப்பதன் உண்மையான தொந்தரவு இங்கேதான் என்று இன்றைக்குப் புரிந்தது.

தக்காளியைப் பாதியாக நறுக்கி, உப்புத் தூவி, வடிகட்டியில் இருபது நிமிடம் வைத்துப் பார்த்தேன். அரை கிலோவுக்குக் கால் டம்ளர் சாறு இறங்கியது. கொட்ட மனசு வரவில்லை. டிரெஸ்ஸிங்கில் ஊற்றிப் பார்த்தால் வினிகரை விட அது நன்றாக இருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

சாலட்டில் பல்லுக்கு ஏதாவது மொறுமொறுப்பாக அகப்பட வேண்டும். ரொட்டித் துண்டு வறுத்துப் போட முடியாது. இத்தாலியின் வடகிழக்கில் ஃபிரியூலி பகுதியில் ஃபிரிகோ என்று ஒன்று செய்கிறார்கள். மோன்டாசியோ சீஸை உருக்கி மொறுமொறுவென்று ஆக்குவது. அதே வழியில் பார்மேசானைத் துருவி, தட்டில் சிறு குவியல்களாக வைத்து, 200 டிகிரி ஓவனில் ஆறு நிமிடம்.

முதல் தட்டு கருகியது. போன் பேசிக்கொண்டே வைத்தேன், அதன் விலை. ஐந்தாம் நிமிடத்துக்கும் ஏழாம் நிமிடத்துக்கும் நடுவில் பொன்நிறம் கசப்பாகிவிடுகிறது. இரண்டாம் தட்டு அருமை. பாக்கெட்டில் துருவி வருவதை வாங்காமல் கட்டியாக வாங்கித் துருவியது நல்லதாயிற்று. துருவிய சீஸ் ஒட்டாமல் இருக்க அதில் சில சமயம் மாவு தூவியிருப்பார்கள்.

மாலையில் அக்காவிடம் பெருமையடித்தேன். அவள், "சைவம் மூணு பேர் இருக்காங்களே, அவங்க சாப்பிடலாமா?" என்று கேட்டாள். நல்லவேளை கேட்டாள். அசல் பார்மேசானான பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்தான் சேர்க்க வேண்டும், அது அந்த சீஸின் விதி. கண்டிப்பான சைவர்களுக்கு ஆகாது. தாவர ரென்னெட் என்று எழுதியிருக்கும் வேறு கெட்டி சீஸ் வாங்கிக்கொள்கிறேன், சாலட்டில் போடும் மொஸரெல்லா சீஸிலும் அதே சொல்லைத் தேடுகிறேன். சலாமி தனித் தட்டில் போகும். வேண்டியவர்கள் மேலே போட்டுக்கொள்ளட்டும்.

மார்ச் 18, புதன்

இருபது பேருக்குக் கணக்கு. சுத்தம் செய்த ரோமெயின் ஒன்றரை கிலோ, செர்ரி தக்காளி ஒரு கிலோ, வெள்ளரி 800 கிராம், குடைமிளகாய் 400, வடித்த ஆலிவ் 400, ஜாடியில் வரும் ஆர்டிசோக் என்னும் பூமொட்டுக் காய் 400, சிறு உருண்டை மொஸரெல்லா 600. நிறத்துக்கும் கசப்புக்கும் ராடிக்கியோ என்னும் செந்நிறக் கீரை சின்னதாக இரண்டு. சிவப்பு வெங்காயம் ஒன்று. டிரெஸ்ஸிங் ஆளுக்கு 20 மில்லி என்றால் 400. அதில் எண்ணெய் 300, வினிகர் 100. தக்காளிச் சாறு சேர்வதால் வினிகரைக் கொஞ்சம் குறைக்கலாம்.

கூட்டிப் பார்த்தால் ஒருவருக்குச் சுமார் 10, 11 கிராம் கார்ப். நார்ச்சத்து நான்கு போனால் ஆறேழு கிராம். போன தடவை பாஸ்தாவில் மட்டுமே ஆளுக்கு 25 கிராம் இருந்திருக்கும்.

மார்ச் 21, சனி

கால் வலிக்கிறது, சுருக்கமாக எழுதுகிறேன்.

இலைகளைக் கழுவி, இலையைச் சுழற்றி நீர் வடிக்கும் ஸ்பின்னரில் சுற்றி, அது போதாமல் பருத்தித் துண்டில் பரப்பிச் சுருட்டி வைத்தேன். ஈர இலையில் டிரெஸ்ஸிங் ஒட்டாமல் வழுக்கி அடிக்குப் போய்விடும். துண்டோடு பைக்குள் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தாயிற்று. டிரெஸ்ஸிங் ஜாடியில். ஃபிரிகோ காற்றுப் புகாத டப்பாவில், மறந்தும் ஃபிரிட்ஜ் பக்கம் போகக் கூடாது. குடைமிளகாய், ஆலிவ், ஆர்டிசோக் ஒரு டப்பா. ஆர்டிசோக்கைப் பிழிந்து துடைக்கவே அரை மணி நேரம் ஆனது. தக்காளி, வெள்ளரி, வெங்காயம் மூன்றையும் அக்கா வீட்டுக்குப் போய்த்தான் நறுக்க வேண்டும். பேசில் இலையும் அங்கேதான். கத்தி பட்டாலும் குளிர் பட்டாலும் கருத்துவிடும், கையால் கிள்ளிப் போட வேண்டும்.

மார்ச் 22, ஞாயிறு

எல்லாம் எடுத்துப் போனேன், பெரிய கிண்ணத்தைத் தவிர. அது வீட்டு மேசை மேல் இருக்கிறது, இதை எழுதும்போது என்னையே பார்க்கிறது.

அக்காவின் சமையலறையில் இருந்த பெரிய கிண்ணத்தில் பாதிதான் கொள்ளும். அதனால் பாதியை மட்டும் கலந்தேன். உண்மையில் அதுதான் நல்லதாகப் போனது. வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து குளிர்ந்த நீரில் கால் மணி நேரம் போட்டுப் பிழிந்தேன், காரம் போய்விட்டது. தக்காளியை வடியவிட்டேன். சாப்பிடக் கூப்பிடுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் முதலில் காய்களை டிரெஸ்ஸிங்கில் புரட்டி, மேலே இலையைப் போட்டு, கையாலேயே தூக்கித் தூக்கிக் கலந்தேன். கரண்டி இலையை நசுக்கும். ஃபிரிகோவை உடைத்துத் தூவியது கடைசி நொடியில்.

முதல் கிண்ணம் இருபது நிமிடத்தில் காலி. இரண்டாம் பாதியைப் புதிதாகக் கலந்து வைத்தேன், அதுவும் நிமிர்ந்தே இருந்தது. சீஸும் சலாமியும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது, வெயில் கடுமையென்றால் ஒரு மணி நேரம்தான். அதனால் சலாமியைச் சிறு சிறு தட்டாக ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்தேன்.

அத்தான் இரண்டு முறை வாங்கிக்கொண்டார். "பாஸ்தா எங்கே?" என்று ஒருவர் கேட்டார். அதற்குள் அக்காவின் பேரன் ஃபிரிகோ டப்பாவையே தூக்கிக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டதால் அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மார்ச் 23, திங்கள்

கலந்ததில் மிச்சம் ஒரு பிடி; அதைக் கொட்டிவிட்டேன், அது நாளைக்கு நிற்காது. கலக்காத இலை துண்டுக்குள் இன்னும் மொறுமொறுப்பாக இருக்கிறது.

பாத்திரம் கழுவும்போது ஒன்றைக் கவனித்ததாக அக்கா சொன்னாள். பாதிப் பேர் தட்டில் ராடிக்கியோவை ஓரமாக ஒதுக்கியிருந்தார்களாம். கசப்பு. அதை நான் சரியாக எடைபோடவில்லை. கலக்காமல் மிஞ்சிய ராடிக்கியோ ஒன்றை இன்று நான்காகப் பிளந்து, ஆலிவ் எண்ணெயில் சட்டியில் வாட்டினேன். ஓரம் கருகியதும் கசப்பு பாதியாகிவிட்டது. நின்றபடியே முழுவதையும் சாப்பிட்டேன்.