மலைச்சாலையில் ஓரமாகப் போவது

அரவங்காட்டிலிருந்து குன்னூருக்கு ஏழு ஆண்டுகளாகச் சைக்கிளில் வேலைக்குப் போய் வருகிறேன். ஆறேழு கிலோமீட்டர்தான் தூரம். காலையில் பெரும்பகுதி இறக்கம், மாலையில் பெரும்பகுதி ஏற்றம். வெலிங்டனைக் கடந்து போகும் இந்தச் சாலை மேட்டுப்பாளையத்தையும் உதகையையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி என்பதால், பேருந்து, பசுந்தேயிலை ஏற்றிய லாரி, கேரட் மூட்டை ஏற்றிய பிக்கப், சுற்றுலா வேன் எல்லாம் இதே சாலையில்தான் ஓடுகின்றன. சைக்கிளுக்கென்று தனித் தடம் கிடையாது. ஒரு பக்கம் மலையை வெட்டிய சுவரும் மறுபக்கம் பள்ளமும் இருக்கும் சாலையில் அப்படி ஒன்றை எங்கே போடுவது என்று எனக்கும் தெரியவில்லை.

சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து எல்லாரும் எனக்குச் சொன்ன அறிவுரை ஒன்றுதான்: "ஓரமாப் போ." அப்பா சொன்னார், பள்ளி ஆசிரியர் சொன்னார், பின்னால் வந்து ஒலி எழுப்பிய ஓட்டுநர்கள் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொன்னார்கள். நானும் அப்படியே, சாலையின் தார் முடிந்து மண் தொடங்கும் கோட்டின் மேல்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் மாலையில்தான் அந்த அறிவுரையில் ஒரு பாதி விடுபட்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

வடகிழக்குப் பருவமழை குன்னூர்ப் பக்கத்தில் வலுத்துப் பெய்யும் மாதம் அது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. மேகம் சாலைவரை இறங்கியிருந்தது. இடப்பக்கம் திரும்பும் ஓர் ஏற்ற வளைவில், வழக்கம்போல விளிம்பை ஒட்டி நான் மெதுவாக மிதித்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு லாரி என்னை முந்தியது. அதன் முன்பகுதி எனக்குப் போதிய இடம் விட்டுத்தான் கடந்தது. ஆனால் வளைவு திரும்பத் திரும்ப லாரியின் பின்பகுதி என் பக்கமாக நெருங்கிக்கொண்டே வந்தது. எனக்கும் அதன் பின்சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லாத நிலையில் நான் இன்னும் இடப்பக்கம் ஒதுங்கினேன். தாருக்கும் மண்ணுக்கும் இடையில் மழை அரித்திருந்த அரையடிப் பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியது. வடிகாலில் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டேன். லாரி நிற்கவில்லை. ஓட்டுநருக்கு நான் விழுந்ததே தெரிந்திருக்காது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கையைத் தொட்டிலில் மாட்டிக்கொண்டு வீட்டில் இருந்த வாரங்களில், எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பல ஆண்டுகள் ஓட்டியவர். நடந்ததைக் கேட்டுவிட்டு, மேசை மேல் இருந்த தீப்பெட்டியை எடுத்து நகர்த்திக் காட்டினார். நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்திலேயே வருவதில்லை. வளைவின் உட்புறத்தை வெட்டிக்கொண்டு குறுக்கே வரும். வண்டி எவ்வளவு நீளமோ, வளைவு எவ்வளவு கூர்மையோ, அந்த அளவுக்கு இந்த வெட்டு அதிகம். "நீ அந்த உள்பக்கத்துலதான் நின்னிருக்க தம்பி. ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருந்தா கண்ணாடியில பாதி நேரம் நீ தெரியவே மாட்ட. தெரியாதவனுக்கு எப்படி இடம் விடுறது?" என்றார்.

அவர் சொன்னதை வைத்துக்கொண்டு நான் சாலையைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கினேன். பேருந்தின் அகலம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர். எதிரெதிரே இரண்டு பேருந்துகள் கடந்தால் சாலையின் பெரும்பகுதி முடிந்துவிடும். சைக்கிள்காரன் விளிம்பில் இருந்தால், பின்னால் வரும் ஓட்டுநருக்குச் சாலை காலியாக இருப்பது போலத் தோன்றுகிறது. முந்திவிடலாம் என்று நினைக்கிறார். பாதி முந்தியபின் எதிரில் வண்டி வந்தால் அவர் ஒதுங்குவதற்கு இருக்கும் ஒரே பக்கம் என் பக்கம். அதே இடத்தில் நான் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே இருந்தால், இப்போது முந்த முடியாது என்பது அவருக்குத் தொலைவிலிருந்தே தெரிகிறது. வேகத்தைக் குறைக்கிறார். எனக்கும் இடப்பக்கம் தடுமாறுவதற்கு ஒரு மீட்டர் மிச்சம் இருக்கிறது.

விதி என்ன சொல்கிறது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். நம் நாட்டில் வாகனங்கள் இடப்பக்கமாகச் செல்ல வேண்டும். சைக்கிளுக்கும் அதுவே பொருந்தும். ஆனால் இடப்பக்கம் என்பது வேறு, தார் உடைந்த விளிம்பு என்பது வேறு. எங்கள் மலையில் அந்த விளிம்பில் என்னவெல்லாம் கிடக்கின்றன என்று பாருங்கள்: மழை அடித்துக்கொண்டு வந்த சரளைக்கல், சுவரிலிருந்து கசியும் நீரில் படர்ந்த பாசி, கற்பூர மரத்தின் ஈர இலைகள், கேரட் மூட்டையிலிருந்து சொட்டிய சேற்றுத் தண்ணீர். இரண்டு விரல் அகல டயரில் போகிறவன் அவற்றின் மேல்தான் ஓட்ட வேண்டும் என்று எந்த விதியும் கேட்கவில்லை. வளைவிலும், முன்னால் வருவது தெரியாத ஏற்றத்திலும் முந்தக்கூடாது என்பது மோட்டார் வண்டி ஓட்டுநர்களுக்கான விதி. அதை அவர்கள் கடைப்பிடிப்பதற்கு நாம் உதவ முடியும் என்பதுதான் நான் கண்டது.

ஆகவே இப்போது இடப்பக்கம் திரும்பும் வளைவு ஒன்று வருவதற்கு இருபது மீட்டர் முன்பே தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறேன். வலக்கையை நீட்டிச் சைகை காட்டுகிறேன். சாலையில் என் பாதியான இடப்பாதியின் நடுவுக்கு வருகிறேன். வளைவு முடிந்து சாலை நேரானதும் இடப்பக்கம் ஒதுங்கி, பின்னால் காத்திருந்தவரைக் கையசைத்துப் போகச் சொல்கிறேன். இதில் கடைசிப் பகுதி மிக முக்கியம். இடம் கேட்பவன் இடம் கொடுக்கவும் வேண்டும். நேரான சாலையிலும் நடுவிலேயே மிதித்துக்கொண்டு, பின்னால் பத்து வண்டிகளை வரிசையாக நிறுத்தி வைக்கும் சைக்கிள்காரரை நான் ஆதரிக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சமவெளியிலிருந்து வரும் குழுக்கள் சில, பேசிக்கொண்டே மூவர் நால்வராக அருகருகே வருவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. அவர்கள் போனபின் அதே சாலையில் தனியாகப் போகும் பள்ளி மாணவன் மீதுதான் ஓட்டுநரின் எரிச்சல் இறங்குகிறது.

மலைக்கென்றே உள்ள இன்னொரு நெறி, ஏறும் வண்டிக்கு முன்னுரிமை. இரண்டு வண்டிகள் தாராளமாகக் கடக்க இடமில்லாத மலைச்சாலையில், இறங்கும் வண்டி ஓரமாக நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளிலேயே இது எழுதப்பட்டது. ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மீண்டும் கிளப்புவது எவ்வளவு கடினம் என்பதை அறிந்தவர்கள் எழுதிய விதி அது. சைக்கிளில் ஏறுகிறவனுக்கு இந்தக் கடினம் இன்னும் பல மடங்கு: ஒரு முறை காலை ஊன்றிவிட்டால், செங்குத்தான இடத்தில் மறுபடி ஏறி உட்கார்ந்து மிதிப்பது ஏறத்தாழ இயலாத காரியம்; தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். மாலையில் எனக்காக நின்று வழிவிடும் ஓட்டுநர்களை நான் நன்றியோடு நினைக்கிறேன். அதே காரணத்தால் காலையில் நான் இறங்கும்போது, மூட்டை சுமந்து திணறி ஏறும் பிக்கப் வண்டியைக் குறுகலான இடத்தில் கண்டால் நானும் நின்றுவிடுகிறேன். சைக்கிள் சின்னதுதானே, நுழைந்து போய்விடலாம் என்ற எண்ணம் எழும். அதை அடக்கிக்கொள்ள வேண்டும்.

இறக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏற்றத்தை விட இறக்கம்தான் ஆபத்தானது. ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரம் இறங்குகிறோம். அந்த உயரம் நமக்குள் வைத்திருக்கும் ஆற்றல் முழுவதும் வெப்பமானால், மூன்று லிட்டருக்கு மேற்பட்ட குளிர்ந்த நீரைக் கொதிக்க வைத்துவிடும். அதில் ஒரு பங்கைக் காற்று எடுத்துக்கொள்ளும். மிச்சம் இரண்டு சக்கரங்களின் பிரேக்கில்தான் சூடாக இறங்க வேண்டும். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் கொதித்து டியூப் வெடிப்பதும் உண்டு. நேரான இடத்தில் உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டு, மீண்டும் அழுத்த வேண்டும். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே குறைத்து முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் போனபின் முன்பிரேக்கைப் பிடித்தால், ஈரச் சாலையில் முன்சக்கரம் நழுவும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நாம் ஒரு நொடிக்கு 11 மீட்டர் கடக்கிறோம். அபாயத்தைக் கண்டு விரல்கள் அசைவதற்கே ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். மேகம் இறங்கிய நாளில் பதினைந்து மீட்டர்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் எந்த வேகத்தில் போகலாம் என்பதை அவரவரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

உதகையிலிருந்து மசினகுடிப் பக்கம் இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. 2008இல் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரிஸ் பயணத்தில் அந்தப் பாதையை ஏறிக் காட்டுவது சைக்கிள்காரர்களுக்குப் பெருமை. ஏறட்டும், நானும் ஒருமுறை ஏறியிருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு, பதினொன்றாம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டியில், கியர் இல்லாமல், தேய்ந்த பிரேக் கட்டையோடு, பின்னால் ஒரு நண்பனையும் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் பாயும் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மலையில் பல வீடுகளில் அந்தச் சைக்கிள் தார்ப்பாயின் கீழ் சும்மா நிற்கிறது. எடுத்து ஓட்டுகிறவர்களுக்கோ பிரேக்கைச் சரிபார்த்துக் கொடுக்கப் பக்கத்தில் சைக்கிள் கடை இல்லை. அதனால் ஞாயிறு காலையில் எங்கள் தெருப் பிள்ளைகளின் சைக்கிள்களை நானே பார்க்கிறேன். பிரேக் கட்டையின் வரிப்பள்ளம் மறைந்துவிட்டால் மாற்றிவிடச் சொல்கிறேன். ஒரு ஜோடி கட்டைக்கு ஆகும் செலவு இரண்டு பேர் தேநீரும் பன்னும் சாப்பிடும் செலவுதான்.

உடுப்பைப் பற்றியும் ஒரு சொல். குளிருக்காக நாம் போடும் ஜெர்கினும் ஸ்வெட்டரும் பெரும்பாலும் கறுப்பு அல்லது பழுப்பு. மேகத்துக்குள் அந்த நிறங்கள் கரைந்துவிடுகின்றன. மேலே பளிச்சென்ற மஞ்சளில் ஒரு மேலங்கி, பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு, பகலிலும் எரியட்டும். தலைக்கவசத்தைச் சட்டம் சைக்கிளுக்குக் கட்டாயமாக்கவில்லை, நான் அணிகிறேன். மங்கி குல்லாவை மட்டும் காதை மூடாமல் மடித்துவிடுகிறேன். பின்னால் வரும் எஞ்சினின் ஓசை கேட்க வேண்டும். சாலையோரத் தேயிலையில் காட்டெருமை மேய்ந்தால் அந்தச் சரசரப்பும் கேட்க வேண்டும். சைக்கிள் ஓசையின்றி வருவதால் அந்த விலங்கு திடுக்கிடும். தொலைவிலேயே நின்று, அது போகும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கோடைப் பருவத்தில் நிலைமை மாறுகிறது. 2025 ஏப்ரல் முதல் நீலகிரிக்குள் சுற்றுலா வாகனங்கள் வார நாளில் 6000, வார இறுதியில் 8000 என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. ஓட்டுபவர்களில் பலர் மலைக்குப் புதியவர்கள். அந்த மாதங்களில் குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் ஒருவழிப் போக்குவரத்து ஏற்படுத்துவது வழக்கம். ஏறி வரும் ஓட்டுநர், எதிரில் யாரும் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் வளைவின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்வார். சைக்கிள்தானே என்று எதிர்த்திசையில் இறங்குகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்நாட்களில் எவ்வளவு சுற்றானாலும் கோத்தகிரிச் சாலையில்தான் நான் மேட்டுப்பாளையம் இறங்குகிறேன்.

நான் விழுந்த அந்த வளைவில் தாருக்கும் மண்ணுக்கும் இடையிலான அரையடிப் பள்ளம் இன்னும் இருக்கிறது. உரிய அலுவலகத்துக்கு இரண்டு முறை படத்தோடு எழுதினேன். ஒரு முறை சரளை கொட்டினார்கள், அடுத்த மழை அதைக் கொண்டுபோய்விட்டது. இந்த வாரம் மூன்றாவது கடிதம் எழுதியிருக்கிறேன். சரளை போதாது, விளிம்பில் காங்கிரீட் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.