18 லிட்டர் கணக்கு

"ரோட்டோரமா வண்டியைப் போட்டுட்டு காசே குடுக்காம தூங்கினீங்களாமே அண்ணி?" என்று நாத்தனார் போனில் கேட்டாள். கேட்ட தொனியில் பாதி ஆச்சரியம், பாதி ஐயோ பாவம். ஆமாம் என்றேன். ஜூலையில் 3 வாரம், காருக்குப் பின்னால் கேரவனை, அதாவது சக்கரம் வைத்த சின்ன வீட்டை இழுத்துக்கொண்டு, ஆஸ்திரேலியாவைத் தெற்கு வடக்காகக் கடக்கும் ஸ்டூவர்ட் ஹைவேயில் போய்வந்தோம். அதில் 11 இரவுக்கு ஒரு சென்ட் வாடகை இல்லை. ஆனால் எங்கே நிற்பது, எத்தனை நாள் நிற்பது என்று தீர்மானித்தது நானும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. கேரவனின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவுக்குள் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் பெட்டிதான். கக்கூஸ் காசெட்.

கேரவன் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளே இருக்கும் கழிவறைக்கு அடியில் சூட்கேஸ் மாதிரி ஒரு தொட்டி. எங்களுடையது 18 லிட்டர். நிறைந்ததும் வெளியிலிருந்து உருவி, அதன் குட்டிச் சக்கரத்தில் இழுத்துக்கொண்டு போய், டம்ப் பாயிண்ட் என்று பலகை வைத்த இடத்தில்தான் கொட்ட வேண்டும். நல்ல தண்ணீருக்கு 2 தொட்டி, மொத்தம் 190 லிட்டர். நாளைக்கு 25 லிட்டருக்குள் முடித்துக்கொண்டால் ஒரு வாரம் ஓடும். கூரையில் சோலார் இருப்பதால் கரண்டுக்கும் குறையில்லை. காசெட் மட்டும் இரண்டு பேருக்கு 3 நாள். சிக்கனமாக இருந்தால் 4. எப்படிச் சிக்கனம் என்று கேட்காதீர்கள். பகலில் எந்த ரோடு ஹவுஸையும் (பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக் கடை, கழிவறை எல்லாம் சேர்ந்த சாலையோர இடம்) நாங்கள் சும்மா கடந்ததில்லை.

அடிலெய்டில் முதியோர் இல்லத்தில் 22 வருஷம் வேலை பார்த்தவள் நான். "உனக்குப் பழக்கம்தானே" என்று சொல்லி, கிளம்புவதற்கு முன்பே காசெட் இலாகாவை இவர் என் தலையில் கட்டிவிட்டார். ஓட்டுவது, ரிவர்ஸ் எடுப்பது, டயருக்குக் காற்று பார்ப்பது எல்லாம் அவர். நியாயமான பங்கீடு என்று அவர் நினைக்கிறார்.

முதல் இலவச இடம் லேக் ஹார்ட். போர்ட் அகஸ்டாவிலிருந்து வடக்கே ஏறி, பிம்பாவைத் தாண்டிச் சுமார் 40 கிலோமீட்டர். நெடுஞ்சாலையை ஒட்டிக் கொஞ்சம் மேட்டில் வண்டிகள் நிற்க இடம். கீழே ரயில் பாதை, அதற்கு அப்பால் கண் கூசும் உப்பு ஏரி. தண்ணீர் கிடையாது, வெறும் வெள்ளை. இந்த ஏரிக்கரையில்தான் 1964இல் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து செய்த யூரோப்பா ராக்கெட்டின் முதல் பகுதியை ஏவிப் பார்த்தார்கள். சுற்றிலும் வூமேரா ராணுவச் சோதனைப் பகுதி. நெடுஞ்சாலையை விட்டு இஷ்டத்துக்கு உள்ளே திரும்பக் கூடாது.

ஒரு ராத்திரி என்று போட்ட திட்டம் இரண்டாயிற்று. காரணம் ரயில். கான், இந்தியன் பசிபிக் என்ற இரண்டு நெடுந்தூரப் பயணிகள் ரயிலுக்கும் இதுதான் பாதை. ஆனால் இவரை மயக்கியது பயணிகள் ரயில் இல்லை, சரக்கு ரயில். ஒன்றே முக்கால் கிலோமீட்டர் நீளத்துக்கு வரும். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பெட்டிகளை எண்ண ஆரம்பித்தார். எண்ணிக்கை தப்பியது. மறுநாளும் உட்கார்ந்தார். 66 வயது மனிதர். சரி, எண்ணிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் இறங்கியது. அதுவரை மூக்கிலும் காதிலும் குடியிருந்த ஈக்கள் யாரோ கூப்பிட்டது போல ஒரே நேரத்தில் போய்விட்டன. ஏரி ரோஜா நிறமாக மாறிப் பிறகு சாம்பலானது. குளிர் எலும்புக்குள் இறங்கியது. நான் கரைத்து வைத்திருந்த தோசை மாவு அசையவே இல்லை. மறுநாள் பகலில் அதைக் காரின் முன் கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வைத்த பிறகுதான் லேசாக மூச்சு விட்டது.

அந்த இரண்டாவது ராத்திரிக்கான விலையைக் கூபர் பீடியில் கொடுத்தோம். கிளெண்டாம்போவை விட்டால் அடுத்த 250 கிலோமீட்டருக்கு டீசல் கிடையாது. எதிர்காற்று வேறு. கேரவனை இழுக்கும்போது எங்கள் வண்டி 100 கிலோமீட்டருக்கு 17 லிட்டர் குடிக்கும், அன்று 20 குடித்தது. 90க்கு மேல் அழுத்தவே முடியவில்லை. கூபர் பீடியில் டீசல் போட்டு, காசெட்டைக் கொட்டி, தண்ணீர் பிடித்து முடிக்கவே மணி மூன்றாகிவிட்டது. அந்த ஊரில் தண்ணீர் சும்மா கிடைக்காது, இயந்திரத்தில் நாணயம் போட வேண்டும். நிலத்தடி உப்புநீரைச் சுத்திகரித்துத்தான் ஊருக்கே கொடுக்கிறார்கள். 1915இல் ஓப்பல் கல் கிடைத்ததால் முளைத்த ஊர். வெயிலுக்குப் பயந்து பலர் பூமிக்குள் வீடு குடைந்து வாழ்கிறார்கள். அதையெல்லாம் திரும்பி வரும்போது பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டோம்.

அங்கேதான் தப்பு. அவுட்பேக் என்னும் இந்த உள்நாட்டு வறண்ட வெளியில் நாலு மணிக்கு மேல் சாலையில் இருக்கக் கூடாது. பொழுது சாயச் சாய கங்காருக்கள் ஓரத்துக்கு வரும். இவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணில் பட்ட முதல் அகலமான இடத்தில் வண்டியை ஒதுக்கினார். பலகையைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ராத்திரி பத்தரைக்குக் கேரவன் முழுக்க அதிர்ந்தது. ஜன்னலில் கிறிஸ்துமஸ் மாதிரி விளக்கு. மூன்று டிரெய்லர் கோத்த லாரி, ரோடு ட்ரெயின் என்பார்கள். அந்த வகை 53.5 மீட்டர் வரை இருக்கும். எங்களை எழுப்ப அதன் ஓட்டுநர் ஹார்ன் அடிக்கவில்லை, இறங்கி வந்து கதவைத் தட்டினார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "மேட், மன்னிக்கணும். இது லாரிகளுக்கான இடம். நீங்க எங்கே வேணும்னாலும் தூங்கலாம், என்னால முடியாது. நான் இப்போ தூங்கலைன்னா நாளைக்கு உங்க பின்னாடிதான் வருவேன்." கடைசி வரியைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் இவர் பைஜாமாவோடு ஓடிப் போய் வண்டியைக் கிளப்பிய வேகத்தை என் கல்யாண வாழ்க்கையில் பார்த்ததில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு லாரி ஓட்டுநர் சாதாரணக் கணக்கில் 24 மணி நேரத்தில் 12 மணிதான் வேலை செய்யலாம், தொடர்ந்து 7 மணி நேரம் வண்டியை நிறுத்தி ஓய்வெடுத்தாக வேண்டும். எங்களுக்கு அது இலவசப் படுக்கை. அவருக்கு அது சட்டம். கொஞ்சம் தள்ளி, சரளைக் கல் கொட்டிய ஓரத்தில் சாய்வாக நின்று, தலைப்பக்கம் தாழ்ந்த கட்டிலில் மீதி ராத்திரியைக் கழித்தோம். அவர் லாரியின் குளிர்பதன மோட்டார் விடியும்வரை உறுமிக்கொண்டிருந்தது. புகார் சொல்ல எங்களுக்கு என்ன தகுதி?

அன்றிலிருந்து ஒரு விதி: மூன்றரைக்கு இடம் பிடித்தாக வேண்டும். சீக்கிரம் வந்தால்தான் சமதளம் கிடைக்கும், லாரிக்கு வழி விட்டு நிற்கவும் முடியும். இன்னொரு லாபம் நான் எதிர்பாராதது. நாலு மணிக்கு எல்லோரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள். அதற்கு ஹேப்பி அவர் என்று பெயர். அவர்கள் கையில் பியர், என் கையில் ஃபில்டர் காபி. தலை நரைத்த கூட்டம்தான், க்ரே நோமாட்ஸ் என்று அவர்களே தங்களைக் கேலியாகச் சொல்லிக்கொள்கிறார்கள். பேரப்பிள்ளை, முழங்கால் அறுவை எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு பேச்சு டம்ப் பாயிண்டுக்கு வந்தே தீரும். எந்த ஊரில் குழாய் உடைந்திருக்கிறது, எங்கே வரிசை நீளம். தங்குமிடங்களைக் காட்டும் விக்கிகேம்ப்ஸ் ஆப்பில் இல்லாத செய்தி அங்கேதான் கிடைக்கும். அந்த ஆப்பை வரைபடத்தோடு முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், வழியில் சிக்னல் இருக்காது. விமர்சனங்களை மட்டும் பார்த்துப் படியுங்கள். ஈ இருக்கிறது என்று பாலைவனத்துக்கு ஒரு ஸ்டார் கொடுத்தவரும் அதில் இருக்கிறார்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 3 ராத்திரி காசு கொடுத்துக் கேரவன் பார்க்கில் இருந்தோம். துணி துவைக்க, வயிறாரக் குளிக்க. (வயிறாரக் குளிப்பது என்று ஒன்று உண்டு. ஒரு வாரம் அரை வாளியில் குளித்தவர்களைக் கேளுங்கள்.) அங்கே டம்ப் பாயிண்டில் ஒருவர் காசெட்டின் வாயைக் குடிநீர்க் குழாயில் செருகி அலசிக்கொண்டிருந்தார். அலசுவதற்குப் பக்கத்திலேயே தனிக் குழாய், குடிக்க உதவாது என்ற பலகையோடு இருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் ஆங்கிலம் சரியாக வரவில்லை. முதியோர் இல்லத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்களை அதட்டும் குரலில் "எக்ஸ்கியூஸ் மீ" என்றேன். அது போதுமானதாக இருந்தது.

வடக்குப் பிரதேசத்துக்குள் (நார்தர்ன் டெரிட்டரி) வந்துவிட்டால், ரெஸ்ட் ஏரியா என்னும் சாலையோர ஓய்விடங்களில் 24 மணி நேரக் கெடு. எங்களுக்கு அதில் கஷ்டமில்லை. கஷ்டம் கார்லு கார்லுவில். டெவில்ஸ் மார்பிள்ஸ் என்று பலருக்குத் தெரிந்த அந்த உருண்டைக் கிரானைட் பாறைகள். 2008இல் அந்த நிலம் அதன் பூர்வகுடி உரிமையாளர்களிடம் திரும்பிப் போனது. அங்கே தங்குவது இலவசமில்லை, முன்கூட்டி ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். ஆலிஸில் சிக்னல் இருந்தபோது செய்திருக்க வேண்டியது. துணி காயப்போடும் மும்முரத்தில் விட்டுவிட்டேன். ஒரு மணி நேரம் நடந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் வடக்கே இலவச இடத்துக்குப் போனோம். சூரியன் மறையும் நேரத்தில் அந்தப் பாறைகள் நிறம் மாறுவதை நான் பார்க்கவில்லை. இன்னும் மனசில் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

மறுநாள் டெனன்ட் கிரீக். டம்ப் பாயிண்டில் எங்களுக்கு முன்னால் 5 வண்டி. ஆலிஸை விட்டு இரண்டு ராத்திரி ஆகியிருந்தது. காசெட் நிறையும்போது ஒரு சிவப்பு விளக்கு எரியும். "சிவப்பு எரியலையே, எதுக்கு நிக்கணும்?" என்றார் இவர். சிவப்பு எரிந்தால் அப்புறம் ஒன்றிரண்டு முறைதான் தாங்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தலையாட்டினேன். வெயில், பசி.

சுமார் 70 கிலோமீட்டர் போய் அட்டாக் கிரீக்கில் நிறுத்தினோம். ஜான் மெக்டுவால் ஸ்டூவர்ட் நினைவாக அங்கே ஒரு தூண் இருக்கிறது. தெற்கிலிருந்து கண்டத்தைக் கடக்கப் புறப்பட்டவர், 1860 ஜூனில் இந்த இடத்தில் வாருமுங்கு மக்கள் எதிர்த்து நிற்க, உணவும் உடம்பும் குறைந்துபோன நிலையில் திரும்பிப் போனார். 1862இல்தான் வடகடலைத் தொட்டார். அவர் பெயரில்தான் இந்தச் சாலை. யாருடைய நிலத்தின் வழியே என்று தூணைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன்.

காலையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

முன்னால் போனால் எலியட் என்ற ஊர் ஏறக்குறைய 180 கிலோமீட்டர். அங்கே கொட்ட இடம் உண்டா என்று இரண்டு பேருக்கும் உறுதியில்லை. இவர் ஸ்பினிஃபெக்ஸ் புதர்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இவ்வளவு பெரிய காடு…"

"வேண்டாம்."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு இடத்திலும் புதருக்குப் பின்னால் வெள்ளைக் காகிதம் பறப்பதைப் பார்த்துக்கொண்டுதானே வருகிறோம். சில ரெஸ்ட் ஏரியாக்களில் பள்ளக் கக்கூஸ் இருக்கும். அதில் காசெட்டைக் கொட்டுகிறவர்களும் உண்டு. நாம் ஊற்றும் ரசாயனம் அந்தக் குழியில் கழிவை மக்க வைக்கும் கிருமிகளைக் கொன்றுவிடும், பிறகு அந்தப் பக்கமே போக முடியாது. இப்படிச் செய்து செய்துதான் நல்ல இடங்களுக்குச் சங்கிலி போட வைக்கிறோம் என்பது என் கட்சி.

இவர் சக்கரத்துக்கு வைத்த கட்டைகளை எடுத்து உள்ளே போட்டார். வண்டியைத் தெற்கே திருப்பும்போது தூணைக் கையால் காட்டி, "அந்தப் பெரிய மனுஷரே இங்கிருந்து திரும்பிப் போனவர்தானே" என்றார்.

போக வர 140 கிலோமீட்டர். டெனன்ட் கிரீக்கில் அன்று வரிசையில் 7 வண்டி நின்றது.