ஹண்டரின் வயிற்றுக்குக் கீழே

1971 போர் என்றால் எல்லோரும் விமானிகளைத்தான் கேட்பார்கள். நியாயம்தான். பதான்கோட் விமானப்படைத் தளத்தில் ஆர்மமென்ட் ஃபிட்டராக, அதாவது விமானங்களில் ஆயுதம் ஏற்றுபவனாக, இருந்த எனக்கு எல்லைக்கு அப்பால் நடந்த எதுவும் நேரில் தெரியாது. திரும்பி வந்த ஹண்டர் போர் விமானத்தைப் பார்த்துத்தான் போர் எப்படிப் போகிறது என்று ஊகித்துக்கொள்வோம்.

டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் எங்கள் தளத்தைத் தாக்கின. அன்றிரவிலிருந்து தூக்கம் என்பது கிடைத்த இடத்தில், கிடைத்த நேரத்தில். ஹண்டரில் இரவுத் தாக்குதலுக்கான கருவிகள் கிடையாது. அதனால் விடியும்போது புறப்பட எல்லாம் தயாராக இருந்தாக வேண்டும். பிளாக்அவுட் இருட்டில் டார்ச் முகப்பில் காகிதம் ஒட்டிக்கொண்டு ராக்கெட் மாட்டுவோம். அந்தக் குளிரில் இரும்பைத் தொட்டால் விரல் மரத்துப்போகும். கையுறை போட்டாலோ சின்னப் பின் கைக்கு அகப்படாது.

ஹண்டரை வடிவமைத்தவர்களுக்கு எங்கள் மேல் கொஞ்சம் இரக்கம் இருந்திருக்க வேண்டும். நான்கு 30 மி.மீ. ஏடன் பீரங்கிகளும் தோட்டாப் பெட்டிகளும் சேர்ந்து ஒரே கன் பேக். குழல்களை விமானத்திலேயே விட்டுவிட்டு, பேக்கை மட்டும் வயிற்றிலிருந்து இறக்கி, நிரப்பி வைத்த இன்னொன்றை ஏற்றிவிடலாம். சுடும்போது கழலும் தோட்டா இணைப்புகள் மூக்குக்குப் பின்னால் அடியில் இருக்கும் இரண்டு புடைப்புகளில் சேரும். அவற்றுக்கு 'சப்ரினா' என்று பெயர். பிரிட்டிஷ்காரர்கள் ஒரு நடிகையை நினைத்து வைத்த குறும்பு. அதைக் காலி செய்வதும் எங்கள் வேலைதான். அதே நேரத்தில் மற்றவர்கள் எரிபொருள், ஆக்ஸிஜன், டயர் என்று சுற்றிச் சுற்றி வருவார்கள்.

பீரங்கி வாய் கறுத்திருந்தால் சுட்டிருக்கிறார்கள். இறக்கைக்குக் கீழே மாட்டும் கூடுதல் எரிபொருள் தொட்டியான டிராப் டேங்க் இல்லாமல் வந்தால், எதிரி விமானம் துரத்தியிருக்கும், கழற்றிப் போட்டுவிட்டுத் தப்பி வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வோம். சுடப்படாத ராக்கெட் ஒன்று இறக்கையில் தொங்கிக்கொண்டு வந்தால்தான் வயிற்றைக் கலக்கும். முன்னாலும் நிற்கக் கூடாது, பின்னாலும் நிற்கக் கூடாது; பக்கவாட்டில் போய்த்தான் அதைத் தொட வேண்டும். சைரனுக்குக்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை.

ஜம்மு பக்கத்து சாம்ப் பகுதியில் தரைப்படைக்கு உதவ எங்கள் விமானங்கள் போய்வந்தன. 5ஆம் தேதி ராஜஸ்தானின் லோங்கேவாலாவில் ஜெய்சல்மேர் ஹண்டர்கள் டாங்கிகளை அடித்த செய்தி பிறகுதான் காதுக்கு வந்தது. நம்ம ஹண்டர்தானே என்று ஒரே பெருமை, என்னவோ நாங்களே பேக் ஏற்றி அனுப்பிய மாதிரி.

ஒவ்வொரு பறத்தலுக்கும் முன்னால் விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான எஃப்-700 புத்தகத்தில் நாங்கள் கையெழுத்துப் போடுவோம், அப்புறம் விமானி போடுவார். போரென்றாலும் இதில் சலுகை இல்லை. கடைசியில் சிவப்புத் துணி கட்டிய பாதுகாப்புப் பின்களை உருவி அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டுவேன். அவர் கட்டைவிரலை உயர்த்துவார். எங்களுக்குள் பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான்.

ஒரு விமானம் திரும்பவில்லை என்றால் யாரும் யாரையும் கேட்க மாட்டோம். அதற்கென்று நிரப்பி வைத்த பேக் வேறொரு விமானத்துக்குப் போய்விடும்.

17ஆம் தேதி இரவு மேற்கிலும் சண்டை நின்றது. மறுநாளே ஏற்றியதையெல்லாம் இறக்கினோம். இரண்டே நாளில் ஸ்டோர்ஸ் ஆட்கள் வந்துவிட்டார்கள். டிராப் டேங்குகளில் கணக்கு உதைக்கிறதாம், எங்கே போயின என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள்.