முகாம் நோட்டில் எத்தனை உலை?

புயல் கூண்டு ஏறியதும் ராமநாதபுரம் கடற்கரையில் பாம்பனிலிருந்து மூக்கையூர் வரை பள்ளிக்கூடங்களும் பேரிடர் மையங்களும் நிரம்பும். வாசலில் ஒரு மேசை, ஒரு நோட்டு. நோட்டில் மூன்று கட்டம்: குடும்பத் தலைவர் பெயர், ஆள் எண்ணிக்கை, கையெழுத்து. பிறகு வரும் சிக்கலில் பாதி இந்த மூன்று கட்டத்தில்தான் பிறக்கிறது. மகளிர் குழுக்கள் சேர்ந்து முகாம் வேலை பார்க்கத் தொடங்கியதும் நாங்கள் முதலில் மாற்றியது இந்த நோட்டைத்தான்.

இப்போது வாசலில் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டில் எத்தனை உலை?" அண்ணன் வீட்டோடு இருந்தாலும் தனியாகச் சமைத்துக்கொள்ளும் விதவைத் தங்கை, மகனோடு பேச்சில்லாத மாமியார், இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்தவள், புருஷன் சவுதிக்குப் போய் நாலு வருஷமாகத் தகவல் இல்லாதவள் என்று யாரும் "தலைவர்" கட்டத்துக்குள் வரமாட்டார்கள். உலை என்று கேட்டால் வந்துவிடுவார்கள். ஒரு உலைக்கு ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் பதினெட்டு வயது தாண்டிய ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி வரி.

பெயர் எழுதும்போது ஆதாரில் இருப்பதையும் ரேஷன் ஸ்மார்ட் கார்டில் இருப்பதையும் இரண்டாகவே எழுதிவிடுங்கள். ஒன்றில் அப்பா இனிஷியல், இன்னொன்றில் புருஷன் இனிஷியல் இருப்பது இங்கே சாதாரணம். மனு திரும்பி வருவதற்கு அந்த ஒரு எழுத்து போதும். கர்ப்பிணியாக இருந்தால் பிக்மி எண்ணும் (கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு தரும் எண்) பிரசவத் தேதியும் கட்டாயம். ராமேஸ்வரம் தீவுக்குள் இருப்பவர்களில் இரண்டு வாரத்துக்குள் தேதி உள்ளவர்களைக் காற்று பலமாவதற்கு முன்பே ராமநாதபுரம் பக்கம் அனுப்பிவிட வேண்டும். பாம்பன் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்திவிட்டால் 108 வண்டியே வந்தாலும் அக்கரையில்தான் நிற்கும்.

பெண்களைத் தனியாக எண்ணச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா நிலநடுக்கம் கிளப்பிய அலையில், இலங்கையின் மறைவில் இருந்த நம் கரை பெரும்பாலும் தப்பியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் அரசுக் கணக்குப்படி இறந்த பெண்கள் 2,406, ஆண்கள் 1,883. ஆழக்கடலில் படகில் இருந்தவனுக்கு அலை வந்ததே தெரியவில்லை. மீன் எடுக்கக் கரையில் காத்து நின்றவள்தான் போனாள். 2023 அக்டோபர் 7 அன்று ஆப்கானிஸ்தானில் ஹெராத் நிலநடுக்கம் வந்தது பகல் பதினொரு மணிக்கு. மண் வீட்டுக்குள் இருந்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. இறந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பெண்களும் குழந்தைகளும் என்று யுனிசெஃப் சொன்னது. எண்ணிப் பார்த்ததால்தான் இவ்வளவாவது தெரிந்தது.

நோட்டில் ஆள் கணக்குச் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் பெருக்கல்தான். உலக அளவில் நிவாரணக்காரர்கள் வைத்திருக்கும் ஸ்பியர் அளவுகோலில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, பெண்களுக்கு மூன்று என்றால் ஆண்களுக்கு ஒன்று. 300 பேர் முகாமுக்கு 4,500 லிட்டர், 15 கழிப்பறை. அதில் 11 பெண்களுக்கு. ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் இடம் என்ற கணக்கு மட்டும் புயலடிக்கிற ராத்திரிக்கு ஒத்துவராது. மூன்றாம் நாளிலிருந்து அதைப் பேசலாம்.

காவிரிக் கூட்டுக் குடிநீர்தான் இங்கே பெரும்பாலும் குடிக்க. கரண்ட் போனால் பம்ப் நிற்கும், லாரிதான் கதி. 12,000 லிட்டர் லாரி இரண்டரை நாள் தாங்கும். 5,000 லிட்டர் சின்டெக்ஸுக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 20 கிராம். அப்படியே கொட்டக் கூடாது. வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேல்தண்ணீரை மட்டும் ஊற்றி, அரைமணி நேரம் விட்டுச் சோதிக்க வேண்டும். மீதமிருக்கும் குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்குப் பக்கத்தில் நின்றால் போதும். உப்புக்காற்றில் பிரித்து வைத்த மூட்டை சீக்கிரம் வீரியம் இழந்துவிடும். போன வருஷத்து மூட்டையை வைத்துக்கொண்டு கிராம் கணக்குப் பார்ப்பது வீண்வேலை.

கழிப்பறை எத்தனை என்பதைவிட உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். கடலோரத்தில் இரும்புத் தாழ்ப்பாள் ஒரு மழையில் இறுகிவிடும். முகாம் திறக்கும் முன் ஒவ்வொரு கதவையும் உள்ளே போய்ப் போட்டு எடுத்துப் பார்க்க ஒரு பெண்ணையே விட வேண்டும். தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்கு யாரும் போகமாட்டார்கள். இருட்டும்வரை அடக்கிக்கொள்வார்கள், அதற்காகத் தண்ணீரே குடிக்கமாட்டார்கள். மூன்றாம் நாள் நீர்க்கடுப்பு என்று வந்து நிற்பார்கள்.

நாப்கின் மாதத்துக்கு ஆளுக்கு 15 என்று கணக்கு. பெரிய பெட்டிகளாகவே வந்துவிடும். ஆனால் கடல்பாசி எடுக்கும் அக்காமார் பலருக்குத் துணிதான் பழக்கம். துணி கொடுத்தால் பிரச்சினை வேறு, காயப்போட இடம் கிடையாது. ஈரத்தோடு மடித்துப் பாய்க்கடியில் வைப்பார்கள், அடுத்த மாதம் அரிப்பு. கட்டடத்தின் பின்பக்கம் வெயில் விழும் சுவரில் இரண்டு கொடி கட்டி, முன்னால் ஆள் உயரத்துக்குப் பனையோலைத் தட்டி வைத்தால் தீர்ந்தது. துணி அடர்நிறமாக இருக்கட்டும். கூடவே ஆளுக்கு 250 கிராம் துணி சோப்பு, உள்ளாடை. நாப்கினைப் புதைக்கக் குழி வெட்டாதீர்கள். நம் மணலில் நாலடி தோண்டினால் தண்ணீர். மூடி போட்ட தொட்டியே சரி.

பால் பவுடர் டப்பாக்கள் தாமாக வந்து சேரும். வாங்கி அப்படியே எல்லாருக்கும் பங்கு போடாதீர்கள். தாய்ப்பால் கொடுக்கிறவள் இரண்டு நாள் நிறுத்தினால் பால் குறையத் தொடங்கும். சுத்தமில்லாத தண்ணீரில் கலக்கிய பவுடர் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. உண்மையில் தேவைப்படுகிற குழந்தையை நர்ஸ் பார்த்துச் சொல்லட்டும்.

அடி, தொந்தரவு என்று ஒரு பெண் வந்தால் பெண்கள் உதவி எண் 181. எந்த ஸ்டேஷன் எல்லை என்று விரட்டினால் போக வேண்டாம். எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் புகார் எடுக்க வேண்டும், 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. இந்தப் புகார்களை மட்டும் பொது நோட்டில் எழுதவே கூடாது. அந்த நோட்டைத் தலையாரி முதல் டீக்கடைக்காரர் வரை புரட்டுவார்கள்.

இனி காகிதம். பேரிடரில் உயிர் போனால் மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதிப்படி 4 லட்சம். இதில் எங்கள் கண் முன்னால் அதிகம் தவறிப்போவது பிரேதப் பரிசோதனை. துக்கத்தில், "அறுக்க வேண்டாம்" என்று அன்றே அடக்கம் செய்துவிடுவார்கள். பிறகு புயலில்தான் இறந்தார் என்று காட்ட ஒன்றும் இருக்காது. இறப்புப் பதிவு 21 நாளுக்குள். ஒரு வருஷம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரை அலைய வேண்டும்.

கடலுக்குப் போனவர் திரும்பாவிட்டால் மீன்வளத் துறையில் சொன்னதோடு நிற்காமல் போலீசில் எழுதிக் கொடுக்க வேண்டும். கையில் தருவது பெரும்பாலும் மனு வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது. அது போதாது, எஃப்.ஐ.ஆர். நகல் கேட்டு வாங்குங்கள். உடல் கிடைக்காதவரை இறந்தவராகக் கருத ஏழு வருஷம் என்பது பொதுச் சட்டம். 2013 உத்தராகண்ட் வெள்ளத்தில் அரசு தனி நடைமுறை வகுத்து அதைத் தளர்த்தியது. அப்படி ஒரு உத்தரவு வரும் நாளில் எஃப்.ஐ.ஆர். இருப்பவள்தான் வரிசையில் நிற்க முடியும்.

வாரிசுச் சான்று இ-சேவை மையத்தில் போட்டு, வி.ஏ.ஓ., ஆர்.ஐ. வழியாகத் தாசில்தாரிடம் போகும். மருமகள் மாமியார் பெயரை விட்டுவிடுவதுதான் இங்கே வழக்கமான தப்பு. இந்துக் குடும்பத்தில் இறந்தவரின் தாயும் மனைவி, பிள்ளைகளைப் போலச் சம வாரிசு. மறைத்தால் ஆட்சேபம் வரும், சான்று மாதக்கணக்கில் தூங்கும். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு, தாய்க்குப் பங்கில்லை. முஸ்லிம் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று. கிறிஸ்தவர்கள் அதிகமுள்ள தங்கச்சிமடத்துக்கும் முஸ்லிம்கள் அதிகமுள்ள கீழக்கரைக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது என்பதை மனு எழுதிக் கொடுப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

பணம் வந்ததாகச் சொல்வார்கள், கணக்கில் இருக்காது. ஆதார் வழியாகப் போடும் தொகை, கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதாரை இணைத்தோமோ அங்கே போகும். என்றோ குழுக்கடனுக்காகத் திறந்த கணக்காக அது இருக்கலாம். இரண்டு வருஷம் புழங்காத கணக்கு முடங்கியும் போயிருக்கும். அலைபேசி எண் புருஷனுடையதாக இருந்தால் பணம் வந்த செய்தி அவருக்குத்தான் போகும். மழைக்காலத்துக்கு முன்பே பாஸ்புக்கோடு வங்கிக்குப் போய் மூன்றையும் சரிபார்த்து, நூறு ரூபாய் போட்டு எடுத்துவிட்டு வாருங்கள்.

கடைசியாகச் சேதக் கணக்கு. படகும் வலையும் பட்டியலில் இருக்கும், இரண்டும் ஆண்கள் பெயரில். கடல்பாசி வளர்க்கப் பெண்கள் போட்ட தெப்பத்தை யாரும் கேட்கமாட்டார்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் தெப்பம், இருபது கயிறு, விதைப்பாசி 60 கிலோ, அறுவடைக்கு 45 நாள். ஒரு புயலில் மூங்கில் கரைக்கு வரும், பாசி வராது. தெப்பம் இறக்கும் அன்றே உரிமையாளர் பெண் கையில் பெயர், தேதி எழுதிய அட்டையைப் பிடித்தபடி, பின்னால் தெப்பம் தெரியும்படி ஒரு போட்டோ. மூங்கில், கயிறு, விதை வாங்கிய பில் அவள் பெயரில். நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை நட்டால் நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு போட்டோ.