பல்கலைக்கழக வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எங்கே சறுக்குகிறது

பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களின் காலியிடப் பட்டியலில் பேராசிரியர் பணியிடங்கள் ஒரு பங்குதான். ஆய்வக டெக்னீஷியன், டேட்டா மேனேஜர், நூலகர், மானியக் கணக்குப் பார்ப்பவர் என்று முனைவர் பட்டம் கேட்காத வேலைகளும் ஏராளம். பதவிப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதி கண்ணில் படாது. ஒரே வேலைக்குத் துறைக்கொரு பெயர் இருக்கும். தெரிந்த கருவி, மென்பொருள், ஆய்வு முறை ஆகியவற்றின் பெயரைப் போட்டும் தேடுங்கள்.

அறிவிப்பைத் திறந்ததும் சம்பளத்துக்கு முன்னால், அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஆராய்ச்சி மானியத்தில் உருவான வேலை பெரும்பாலும் மானியத்தோடு முடிந்துவிடும். '2 ஆண்டுகள்' என்று போட்டிருந்தாலும், மானியம் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தால் தாமதமாகச் சேருபவருக்குக் காலம் குறையலாம். '0.6 எஃப்.டி.இ.' (முழுநேர வேலையில் 0.6 பங்கு) என்றால் 5 நாள் வாரத்தில் 3 நாளுக்குச் சமமான வேலை. அறிவிப்பில் முழுநேரச் சம்பளம் போட்டிருந்தால் அதை 0.6ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். விவரம் கேட்க ஒருவரின் முகவரி கொடுத்திருந்தால் கூச்சப்படாமல் எழுதுங்கள். அதற்காகத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

விண்ணப்பங்கள் அதிகம் சறுக்குவது தகுதிப் பட்டியலில். 'கட்டாயம்', 'இருந்தால் நல்லது' என்று இரண்டாகப் பிரித்திருந்தால், தேர்வுக்குழு பெரும்பாலும் அந்த வரிசையிலேயே மதிப்பெண் போடும். சி.வி.யில் எங்கோ இருப்பதை அவர்கள் தேடி எடுப்பார்கள் என்று நம்ப வேண்டாம். கட்டாயத் தகுதி ஒவ்வொன்றையும் அவர்களுடைய சொல்லிலேயே துணைத்தலைப்பாக வைத்து, கீழே நான்கைந்து வரியில் சான்று கொடுங்கள். 'பெரிய தரவுகளைக் கையாண்ட அனுபவம் உண்டு' என்பதற்கு மதிப்பெண் கிடைப்பது கடினம். என்ன தரவு, எவ்வளவு, எந்த மென்பொருள், நீங்கள் செய்த பகுதி எது, முடிவு எதற்குப் பயன்பட்டது என்று எழுதினால் கிடைக்கும். பழைய கவர் லெட்டரில் துறையின் பெயரை மட்டும் மாற்றி அனுப்புவது வீண் உழைப்பு.

பரிந்துரையாளர்களிடம் இரண்டு மூன்று வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். சில தளங்களில் 'சமர்ப்பி' பொத்தானை அழுத்திய உடனேயே அவர்களுக்குத் தானியங்கி மின்னஞ்சல் போய்விடும், அது ஸ்பாமில் விழுவதும் உண்டு. அறிவிப்பையும் சி.வி.யையும் அவர்களுக்கு அனுப்பினால் கடிதம் அந்த வேலையைப் பற்றிப் பேசும்.

விண்ணப்பிப்பதற்கான கடைசி நேரம் எந்த நாட்டு நேரப்படி என்று பாருங்கள். நீண்ட பதில்களைத் தனிக் கோப்பில் எழுதி ஒட்டுங்கள், பாதியில் லாக்‌அவுட் ஆனால் எல்லாம் போய்விடும். 'டிராஃப்ட்' சேமிப்பு சமர்ப்பிப்பு ஆகாது. உறுதி மின்னஞ்சல் வந்ததா என்று சரிபாருங்கள். அறிவிப்பையும் பிடிஎஃப்பாக எடுத்து வையுங்கள். கடைசித் தேதி முடிந்ததும் பல தளங்களில் அந்தப் பக்கம் மறைந்துவிடும், நேர்காணல் கேள்விகளோ அந்தத் தகுதிப் பட்டியலை ஒட்டியே வரும்.